மறைத்து வைத்த இரண்டு கிழங்குகள்

ஒரு பூக்கிழங்குக்காக நான் ஒரு பொய் சொன்னேன். அது நடந்தது 2019ஆம் ஆண்டில். அந்தக் கிழங்கு இப்போது என்னிடம் இல்லை. ஆனால் சொன்ன பொய் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் நடத்தும்போது என் குரல் எனக்கே தாழ்ந்து கேட்கிறது.

உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய ஒரு பொருளை, கேட்பவருக்குக் கொடுக்க மறுக்க மனிதனுக்கு உரிமை உண்டா? உண்டு என்றுதான் எல்லோரும் சொல்வோம். அப்படியானால் நான் நேர்மையாக மறுத்திருக்கலாமே, ஏன் பொய் சொன்னேன்? முதலாவது கேள்விக்குப் பதில் இலேசானது. இரண்டாவது கேள்வியோ பல வருடங்களாக என்னைத் தொல்லைப்படுத்தியது. அதைக் கொஞ்சம் ஆற அமர யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் பக்கம் ஏறிச் செல்லும் மலைச்சரிவில். கராம்பும் சாதிக்காயும் மிளகும் கோப்பியும் ஒன்றோடொன்று கலந்து வளரும் வீட்டுத் தோட்டங்கள் எங்களுடையவை. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நக்கிள்ஸ் மலைக்காட்டின் குளிர் இரவில் எங்கள் முற்றம் வரை இறங்கி வரும். பகலில் நல்ல வெயில், இரவில் இலேசான குளிர். பூக்கிழங்குகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் பகுதியில் எந்த இனத்தவர் வீட்டு முற்றத்திலும் மாசி, பங்குனி மாதங்களில் ஒரு சிவப்புப் பூ பூக்கும். வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து இலையில்லாத தண்டு ஒன்று எழும்பி, அதன் நுனியில் புனல் வடிவில் இரண்டு மூன்று பூக்கள் விரியும். லில்லி என்போம், சிலர் அமரில்லிஸ் என்பார்கள். தாவரவியலார் ஹிப்பியஸ்ட்ரம் என்று அழைக்கும் இந்தச் சாதியின் சொந்த இடம் தென்னமெரிக்கா. அது நம் நாட்டுப் பூ என்றே சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.

அப்படி நினைத்ததில் பெரிய பிழையும் இல்லை. நம் சட்டியில் கொதிக்கும் எத்தனையோ பொருள்கள் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். மரவள்ளி, மிளகாய், மாத்தளைக்குப் பெயர் வாங்கித் தந்த கொக்கோ, 1876இல் பிரேசிலிலிருந்து விதையாகப் போய் இலண்டன் வழியாக நம் ஹெனரத்கொடைக்கு நாற்றாக வந்த இறப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தவையே. 1836 முதல் 1841 வரை பிரேசிலின் காடு மலையெல்லாம் அலைந்து செடிகள் சேகரித்த ஜோர்ஜ் கார்ட்னர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர், 1844இல் நம் பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக வந்து, 1849இல் நுவரெலியாவிலேயே காலமானார். அந்தக் காட்டுக்கும் இந்த மலைக்கும் இடையே ஒரு பாதை எப்போதோ விழுந்துவிட்டது.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தச் சிவப்பு லில்லி அல்ல. ஹிப்பியஸ்ட்ரம் பப்பிலியோ என்ற வேறொன்று. பப்பிலியோ என்றால் இலத்தீனில் வண்ணத்துப்பூச்சி. இளம் பச்சை கலந்த வெண்மையில், கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும் இதழ்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று தண்டின் நுனியில் வந்து உட்கார்ந்தது போலிருக்கும். தென் பிரேசிலின் அத்திலாந்திக் கரையோரக் காடுகளில் இது மரக்கிளைகளின் மேல் வளர்கிறது. 1970இல்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் சூட்டினார்கள். காடு அழிய அழிய அங்கே இது அருகிப்போகிறது. ஒரு பூப் புத்தகத்தில் இதன் படத்தைக் கண்ட நாள் முதல் எனக்கு அதே நினைவு.

2016இல் மலைநாட்டுப் பூச்செடி வியாபாரி ஒருவரிடம் ஒரே ஒரு கிழங்கு இருப்பதாக அறிந்து போனேன். அவர் சொன்ன விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு கிராமத்து ஆசிரியரின் வீட்டில் அந்தக் காசுக்கு வேறு பல தேவைகள் இருந்தன. வீட்டுக்காரியிடம் பாதி விலையைத்தான் சொன்னேன். இப்போது யோசிக்கும்போது, அந்தக் கிழங்கு பற்றிய என் முதல் பொய் அதுதான் போலிருக்கிறது.

மரத்தில் வளர்வதை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். ஆகவே தேங்காய் மட்டைத் துண்டுகள், கரித்துண்டு, பருமணல், கொஞ்சம் இலைமக்கு ஆகியவற்றைக் கலந்து, கிழங்கின் பெரும்பகுதி வெளியே தெரியும்படி நட்டேன். காலை வெயில் மட்டும் படும் முன்விறாந்தையின் ஓரத்தில் வைத்தேன். மற்ற லில்லிகளைப் போல இது இலையுதிர்த்துத் தூங்குவதில்லை. வருடம் முழுவதும் பச்சையாகவே நிற்கும். மூன்று வருடம் இலை மட்டும்தான். 2019 பெப்ரவரியில், சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது இலைகளுக்கு நடுவே மொட்டு மூக்கை நீட்டியிருந்தது. பூ விரிந்த அன்று பாடசாலைக்கு நேரம் பிந்திப் போனேன். அதே வருடம் தாய்க்கிழங்கின் பக்கத்தில் இரண்டு குட்டிக் கிழங்குகளும் முளைத்திருந்தன. அவற்றைப் பிரித்துத் தனித்தனிச் சாடிகளில் நட்டு, பின்பக்க விறகுக் கொட்டிலின் தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வேலிக்கு அப்பால் ஒரு அக்கா இருக்கிறார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். பூ விரிந்த இரண்டாம் நாள் வேலியோரம் வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"சேர், இந்தப் பூவுல ஒரு குட்டிக் கெழங்கு இருந்தா எனக்கும் குடுங்களேன். சாமிப் படத்துக்கு முன்னால வச்சா அழகா இருக்கும்."

"இன்னும் குட்டி போடல்ல அக்கா. போட்டதும் கட்டாயம் தாறேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. வேறொருவர் கேட்டால் இதிலே கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்பார்.

அன்றிரவு மனம் நியாயங்களைத் தேடத் தொடங்கியது. இத்தனை விலை கொடுத்து வாங்கியதைச் சும்மா கொடுப்பதா? மூன்று வருடம் காத்திருந்தது நான்தானே? அவர் சாணமும் தண்ணீரும் ஊற்றி அழுக வைத்துவிடுவாரே? அவருக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்காதா? ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் ஒன்றாவது உண்மையான காரணமாக இருந்திருந்தால் அதையே அவரிடம் சொல்லியிருக்கலாம். "விலை அதிகம் அக்கா, சும்மா தர மனமில்லை" என்று சொல்லியிருக்கலாம். அவர் கோபித்திருக்கவும் மாட்டார். எல்லா நியாயங்களுக்கும் அடியில் வெளியே சொல்ல முடியாத ஒன்று கிடந்தது. அந்தப் பூ அவர் வீட்டிலும் பூத்துவிட்டால் என் வீட்டில் பூப்பது அபூர்வமாக இராது. எனக்குப் பூ வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அது மற்றவர்களிடம் இல்லாமலிருப்பதும் எனக்கு வேண்டியிருந்தது.

அபூர்வம் என்பது பூவில் இருக்கும் குணமா? ஒரு பூவின் நிறம் அதில் இருக்கிறது, வாசம் அதில் இருக்கிறது. அபூர்வம் அதில் இல்லை. மற்றவர் முற்றங்கள் வெறுமையாக இருப்பதைத்தான் நாம் அந்தப் பெயரால் அழைக்கிறோம். பிரேசில் காட்டில் பப்பிலியோ அருகிப்போவது வேறு விடயம். அது துக்கத்துக்குரியது. அதைப் பெருக்கத்தான் வேண்டும். என் விறாந்தையில் அது அபூர்வமாக இருந்ததற்குக் காரணம் காடழிப்பு அல்ல. விறகுக் கொட்டிலில் நான் மறைத்து வைத்த இரண்டு சாடிகள்தாம்.

செயற்கையாக அருமையை உண்டாக்குவதில் உலகத்துக்கே வழிகாட்டியவர்கள் ஒல்லாந்தர். 17ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனி, கராம்பை அம்பொன் தீவிலும் அதை அடுத்த சில தீவுகளிலும் மட்டும் வளரவிட்டு, மலுக்குத் தீவுகளின் மற்றப் பாகங்களில் நின்ற மரங்களை வெட்டிச் சாய்த்தது. அங்கிருந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரங்கள் அவை. விலை இறங்காதிருக்க வேண்டும் என்பதே காரணம். 1770ஆம் ஆண்டளவில் பியர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் நாற்றுகள் களவாக மொரீசியஸ் தீவுக்குப் போயின. பின்னர் சான்சிபாருக்கும் பரவின. கம்பனியின் மூடிய கை அப்படித்தான் திறக்கப்பட்டது. இன்று மாத்தளையில் கராம்பு காய வைக்காத வீடு குறைவு. அந்த மணத்தில் வளர்ந்த நான், என் கொட்டிலில் ஒரு சின்னக் கம்பனி நடத்திக்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. கொடுப்பதால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. என் உம்மாவிடமிருந்து அதைக் கண்ணாரக் கண்டவன் நான்.

உம்மாவின் முற்றத்தில் ஒரு வெள்ளைப் பூ இருந்தது. அகன்ற கரும்பச்சை இலை, குனிந்து பார்க்கும் வெண்ணிறப் பூக்கள், நல்ல வாசம். தோட்டத்துரையின் பங்களாவில் வேலை செய்த ஒருவர் என் உம்மம்மாவுக்குக் கொடுத்ததாம். அதன் பெயர் யூகாரிஸ் என்றும், அமேசன் லில்லி என்று சொல்வார்கள் என்றும், பெரியவனான பின்புதான் அறிந்தேன். அதுவும் தென்னமெரிக்கக் கிழங்குதான். 1850களில் ஐரோப்பியரின் கண்ணாடி வீடுகளுக்கு வந்து, அங்கிருந்து உலகமெங்கும் பரவியது.

இந்தச் செடியில் ஒரு விசேடம் உண்டு. வீடுகளில் வளர்க்கப்படும் அமேசன் லில்லி பெரும்பாலும் விதை தராத மலட்டு வகை. காற்றாலோ பறவையாலோ அது பரவாது. யாராவது ஒருவர் தோண்டி, கிழங்கைப் பிரித்து, இன்னொருவர் கையில் வைத்தால்தான் அது அடுத்த முற்றத்துக்குப் போகும். அப்படியானால் எங்கள் முற்றத்தில் பூத்த அந்தப் பூவுக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்திருக்க வேண்டும்? விற்றவர்களும் இருந்திருப்பார்கள், சும்மா கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சங்கிலி அறாமல் வந்ததால்தான் எங்களுக்கு அது கிடைத்தது. எங்கோ ஒரு கை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

உம்மா கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். நோன்புக் கஞ்சி அனுப்பும் பாத்திரம் திரும்பி வரும்போது வெறுமையாக வந்தாலும், அடுத்த முறை அதனோடு ஒரு கிழங்கும் சேர்ந்து போகும். "இப்படிக் குடுத்தா நமக்கு மிஞ்சாதே உம்மா" என்று ஒருநாள் சொன்னேன். "நம்மட வீட்டில செத்துப் போனாலும் எங்கேயாவது ஒரு வீட்டில இருக்கும்தானே மகன்" என்றார். அப்படியே நடந்தது. 2012இல் வீட்டுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டியபோது மேசன் வேலையில் அந்தப் பாத்தி முழுவதும் சுண்ணாம்பும் கல்லுமாகிச் செடி அழிந்தது. அடுத்த மாதமே உக்குவளையிலிருக்கும் மாமி வீட்டிலிருந்து உம்மா ஒரு பிடி கிழங்கோடு வந்து இறங்கினார். மாமிக்கு முன்னர் அவர் கொடுத்ததுதான் அது.

இதையெல்லாம் பார்த்திருந்தும் ஏழு வருடம் கழித்து நான் வேலியோரத்தில் பொய் சொன்னேன். நல்லதை அறிவது வேறு, அந்த நேரத்தில் கை அதற்கு இணங்குவது வேறு.

இப்போது உரிமை பற்றிய கேள்விக்கு வருவோம். மார்க்கம் தனிமனிதனின் உடைமையை மதிக்கிறது. அக்கா கேட்டதும் கிழங்கைக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் என்னைக் கட்டாயப்படுத்தாது. ஸகாத்துக்குரிய பொருளும் அல்ல அது. ஆயினும் இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் கஞ்சத்தனத்தை ஆராயும்போது, மனிதன் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது இரண்டு வகையில் என்று காட்டுகிறார். ஒன்று மார்க்கச் சட்டம் விதித்தது. மற்றது முரூஅத் எனப்படும் மனிதப் பண்பு வேண்டுவது. சட்டக் கடமையை முழுதாக நிறைவேற்றியவனும் இரண்டாவதைத் தடுத்து வைத்தால் அவனும் கஞ்சனே. அயலவரிடம் அற்ப விடயத்தில் இறுக்கம் காட்டுவது இந்த இரண்டாவது வகையில் சேரும்.

குர்ஆனில் மாஊன் என்றொரு சிறிய ஸூரா இருக்கிறது. தொழுகையில் நாம் அடிக்கடி ஓதுவது. மாஊன் என்பதற்கு விரிவுரையாளர்கள் கோடரி, பானை, வாளி போன்ற, அயலவர்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்ளும் சின்னச் சின்னப் பொருள்கள் என்று விளக்கம் தருகிறார்கள். தொழுபவர்களுக்கு விடப்படும் எச்சரிக்கையோடு இந்த அற்பப் பொருள்களைத் தடுப்பதும் அங்கே சேர்த்துச் சொல்லப்படுவது யோசிக்க வைக்கிறது. பெரிய தர்மங்களை மனிதன் பெயருக்காகவும் செய்துவிடுவான். வாளியையும் கோடரியையும் கொடுப்பதில்தான் அவனுடைய உண்மையான உள்ளம் தெரியும் போலும். சுபஹுத் தொழுகை முடிந்து வந்து அந்த மொட்டைக் கண்டவன் நான் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

கலம் என்ற ஸூராவில் தோட்டக்காரர்கள் சிலரின் கதை வருகிறது. ஏழைகள் வருமுன் அதிகாலையிலேயே போய்க் கனிகளைப் பறித்துவிட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். போகும் வழியில் மெதுவான குரலில் பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் தோட்டம் இரவோடிரவாக அழிந்து கிடக்கிறது. என்னைத் தொட்டது அந்த மெதுவான குரல்தான். தோட்டம் அவர்களுடையது, கனியும் அவர்களுடையது. யாருக்குப் பயந்து குரலைத் தாழ்த்தினார்கள்? ஏழைக்கு அதிலே ஒரு பங்கு இருக்கிறது என்பதை அவர்களுடைய மனமே அறிந்திருந்தது. அதனால் குரல் தாழ்ந்தது.

என் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. முழுக்க முழுக்க எனக்கே உரியதென்று நான் நம்பியிருந்தால் நேராக மறுத்திருப்பேன். பொய் சொன்னதே அந்த அக்காவுக்கு அதில் ஏதோ ஒரு பாத்தியதை உண்டு என்று நான் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. மனிதன் மறைக்கும் இடத்தைப் பார்த்தால் அவன் எதைக் கடன்பட்டிருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

கொடுப்பது எப்போதும் நல்லதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாயுண்ணிச் செடி 1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அலங்காரச் செடியாகத்தான் வந்தது. இன்று அது ஏறாத தரிசு நிலம் இல்லை. அமேசன் நதிப் பக்கத்தைச் சேர்ந்த ஆற்றுவாழையும் அதன் ஊதாப் பூவின் அழகுக்காகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தது. சில வருடங்களிலேயே, 1909இல், அதை ஒழிப்பதற்கென்று ஒரு தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இன்றும் குளங்களும் வாய்க்கால்களும் அதனால் மூச்சுத் திணறுகின்றன. அங்கேயும் கையிலிருந்து கைக்குப் போனதுதான் வினையானது. ஆகவே எதைக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். தானாகவே ஓடிப் பரவும் செடியைக் காட்டோரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பவன் உபகாரி அல்ல. இந்த லில்லிக் குடும்பத்துக் கிழங்குகளில் நஞ்சும் உண்டு. பார்வைக்கு வெங்காயம் போலிருப்பதால் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கும்படி சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லுவதும் கொடையைச் சேர்ந்தது. ஆனால் இந்தக் கவனங்களில் எதையும் அன்று நான் நினைக்கவில்லை. பப்பிலியோ ஓடிப் பரவும் சாதியும் அல்ல, மனிதக் கை இல்லாமல் எங்கள் ஊரில் அது பிழைக்கவே பிழைக்காது. இவற்றை என் மறுப்புக்குக் காரணமாகக் காட்டினால் அது மூன்றாவது பொய்யாகிவிடும்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் பாதையில் அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்துப் பஞ்சத்துக்கும் போருக்கும் பின்னர், அதுவரை வாய்மொழியாகவே இருந்த பௌத்த திரிபிடகம் அங்கே ஏட்டில் எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். மனனம் செய்தவர்கள் மாண்டால் நூலும் மாண்டுவிடும் என்ற அச்சமே காரணம். யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனையின்படி அபூபக்கர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டச் செய்ததும் இதே அச்சத்தினால்தான். வேறு வேறு மார்க்கத்தவர்கள் கண்டறிந்த ஒரே உண்மை இது. அருமையான ஒன்றை ஒரே இடத்தில் பூட்டி வைப்பது அதைப் பாதுகாப்பது ஆகாது. பிள்ளைகளை அலுவிகாரைக்குச் சுற்றுலா கூட்டிச் சென்று இதை நான் விளக்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கொட்டிலுக்குள் ஒளித்த சாடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்.

அந்தக் கிழங்குகளின் முடிவைச் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் மழை விடாமல் பெய்தது. கொட்டில் தாழ்வாரத்தில் வெயில் படாது. கூரைத் தண்ணீர் சொட்டும். கிழங்குக்கு ஏற்ற இடமே அல்ல. வேலியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பது ஒன்றுதான் அந்த இடத்தின் தகுதி. குட்டிகள் இரண்டும் கழுத்துப் பக்கமாக அழுகின. அதே மாதம், கருமையில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் கொண்ட லில்லிப் புழுக்கள் விறாந்தையில் நின்ற தாய்ச் செடியை இரண்டு இரவில் மொட்டையாக்கி, தண்டின் வழியே கிழங்குக்குள்ளும் இறங்கின. மழை மிச்சத்தை முடித்தது. கையில் எடுத்தபோது கூழாக ஒழுகியது. வேலிக்கு அப்பால் ஒன்று இருந்திருந்தால் போய்க் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு எங்கேயும் இல்லை.

அடுத்தது 2022. அந்த வருடத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எரிவாயு இல்லை, எண்ணெய் இல்லை, பிள்ளைகள் வரமுடியாமல் பாடசாலைகளும் வாரக்கணக்கில் மூடப்பட்டன. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையில் லீவு தரத் தீர்மானித்த காலம். ஒருநாள் காலையில் வேலிக்கு மேலால் ஒரு கட்டு மரவள்ளித் தடி விழுந்தது. பின்னாலேயே அக்காவின் குரல்.

"பூச்சாடி வச்ச எடத்துல நட்டு வைங்க சேர். ஏழெட்டு மாசத்துல கெழங்கு எடுக்கலாம்."

மரவள்ளியும் தென்னமெரிக்காவின் பிள்ளை. 1786இல், ஒல்லாந்தர் காலத்தில், மொரீசியஸிலிருந்து இங்கே வந்ததாகச் சொல்வார்கள். அதுவும் நம் தோட்டங்களில் விதையால் பெருகுவதில்லை. ஒருவர் தடியை வெட்டி இன்னொருவருக்குக் கொடுப்பதால் பெருகுகிறது. ஒரே கண்டத்திலிருந்து வந்த இரண்டு செடிகள் எங்கள் வேலியின் இரு பக்கமும் நின்றன. ஒன்றை நான் ஒளித்தேன். மற்றதை அவர் கேளாமலே தந்தார். நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் நட்டவருக்கு அது தர்மமாகும் என்ற கருத்துடைய நபிமொழியை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதையும் சொல்லியிருக்கிறேன். செடிக்குத் தேரையே கொடுத்தான் அவன். மனிதருக்கு ஒரு செடியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மரவள்ளி கிழங்கு வைத்த பிறகு, முதலில் பிடுங்கியதில் பாதியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒருவாறு சொல்லி முடித்தேன். அன்றைக்குக் குட்டிக் கிழங்கு இருந்தது, நான் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும் சேர்" என்றார். "கெணத்தடியில நின்னு பாத்தா ரெண்டு சாடியும் தெரியுமே."

மூன்று வருடத்துக்கு மேலாக அவருக்குத் தெரிந்திருந்தது. வேலியில் என்னைக் காணும்போதெல்லாம் சிரித்தார், உம்மாவின் வருத்தத்தை விசாரித்தார், எங்கள் பிள்ளைகளுக்கு மாங்காய் கொடுத்தார். அந்த மரவள்ளித் தடிகளைக் கட்டும்போதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"பிறகு ஏன் அக்கா எனக்கு மரவள்ளி தந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "புள்ளைங்க இருக்கிற வீடுல்ல?" என்றார். பிறகு நான் கொண்டுபோன கிழங்கைத் தோலுரிக்கத் தொடங்கினார்.

பப்பிலியோவை நான் பிறகு தேடவில்லை. கிடைத்தால் வாங்க மாட்டேன் என்று சத்தியமும் செய்யவில்லை. ஆசை என் நப்ஸில் இன்னும் இருக்கிறது. இப்போது எங்கள் விறாந்தையில் உம்மாவின் அமேசன் லில்லி மட்டும் நிற்கிறது. சென்ற மழைக்கு முன் அதைப் பிரித்தேன். எட்டுக் கிழங்குகள் வந்தன. முதலாவதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நிழலில் வைக்கும்படியும் பிள்ளைகள் கிழங்கை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னேன். அவர் வாங்கி, உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, கிணற்றடிப் பக்கம் நட்டார். மிச்சம் ஏழில் ஐந்தும் போய்விட்டன. இரண்டு இன்னும் இருக்கின்றன. கொட்டிலுக்குள் அல்ல, வேலியோரத்தில், பாதையில் போவோருக்குத் தெரியும்படி வைத்திருக்கிறேன்.